மேளத்தோடு வந்து சேர்ந்த படம்

மண்டபத்தின் கீழ் அறையில் அன்று காலை இருந்தவர்கள் மூன்றே பேர்: பெண்ணின் அப்பா, அவருடைய தங்கை, நான். அப்பா கிளியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மிளகு பறிக்கச் சாத்திய ஏணி சரிந்ததில் காலில் மாவுக்கட்டு. கல்யாணம் மாடியில். படி செங்குத்து, தூக்கிக்கொண்டு போகவும் டாக்டர் விடவில்லை. சடங்குகளை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். தாலி ஏறும் நேரத்தில் தன் கை அட்சதையும் விழ வேண்டும், இவர் கேட்டது அது ஒன்றுதான்.

மாடிக் கேமராவிலிருந்து ஒயரை இறக்கி என் லினக்ஸ் மடிக்கணினியில் செருகியிருந்தேன். துபாய்ச் சொந்தங்களுக்கு நேரலையும், இவருக்கு எதிரே டிவியில் படமும் அதிலிருந்துதான். நான் எட்டாவதோடு நின்றவன். கணினி, தட்டித் தட்டிப் பழகியது. எதற்கெடுத்தாலும் பயம் வேறு. கரண்ட் போனால்? ஒயரை யாராவது மிதித்தால்? படம் நடுவில் நின்றால்?

மாலை மாற்றும்போது மேளம் உச்சத்துக்குப் போய் ஓய்ந்தது மாடியிலிருந்து நேராகவே கேட்டது. அதன் பிறகுதான் டிவியில் மாலை கழுத்தில் விழுந்தது.

"ஏனுங்க தம்பி, மேளமே நின்னு போச்சு. இவங்க இப்பத்தான் மாலையத் தூக்கறாங்க?" என்றார் அப்பா.

தங்கை சிரித்தார். "நம்ம மலை பஸ்ஸாட்ட, படமும் வளைஞ்சு வளைஞ்சு எறங்குதுங்கண்ணா."

அவர் சிரிக்கவில்லை. "நான் அரிசி போடறதுக்குள்ள எம்புள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சு போயிரும். அப்பறம் எதுக்கு நான் போடோணும்?"

மாடியில் கேமரா பிடித்த என் கூட்டாளியைப் போனில் கூப்பிட்டு, லென்சுக்கு முன்னால் விரலைச் சொடுக்கச் சொன்னேன். சத்தம் போனில் உடனே வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகே டிவியில் விரல் அசைந்தது.

கோளாறு ஒயரில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படம் தடங்கக் கூடாதே என்று, வருவதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு காட்டும்படி பிளேயருக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கட்டளை வரியை அழித்தேன். சேர்த்து வைக்காதே, வந்ததை வந்தபடி காட்டு என்று புதிதாக எழுதினேன். கணினிக்குச் சுமை குறையட்டும் என்று படத்தின் அளவைச் சிறிதாக்கினேன். படத்தை மெருகேற்ற டிவியும் தன் பங்குக்கு நேரம் எடுக்கும்; அதை, மெருகேற்றாமல் உடனே காட்டும் கேம் மோடுக்கு மாற்றினேன்.

மறுபடி சொடுக்கச் சொன்னேன். சத்தமும் விரலும் ஒன்றாக வந்தன.

"கொஞ்சம் மங்கலா இருக்குங்க. நடுவுல வெட்டுனாலும் வெட்டும்" என்றேன்.

"மங்கலா இருந்தா என்னங்க, எம்புள்ளைய எனக்குத் தெரியாதா?"

கெட்டிமேளம் கொட்டியது. டிவியில் மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போனது. ஒரு தடவை படம் வெட்டியது. நான் எதையும் தொடவில்லை, அதுவே சரியாகிவிடும் என்று தெரியும். ஆனது. முதல் முடிச்சு விழ, அவர் அட்சதையை எறிந்தார். அதே நேரம் டிவிக்குள்ளும் அரிசி விழுந்துகொண்டிருந்தது.

"உளுந்துச்சா?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பொண்ணு தலையில பாதிங்கண்ணா. மீதி இவரு பொட்டிக்குள்ள."

கணினியின் விசைப்பலகை நிறைய மஞ்சள் அரிசி.

"அதுக்கும் சேத்துப் பாக்கியில போட்டுக்குங்க தம்பி. விருந்தெல்லாம் முடியட்டும், தந்தர்றேன்."

அரிசிக்கு நான் எதையும் சேர்க்கவில்லை. அவரிடமிருந்து வர வேண்டியது, முன்பே பேசிய கூலியில் மீதி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டும்தான்.