குதிரையேறிய அண்ணையின் படம்

கனடாவில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை, அல்பேர்ட்டாவில் ஒரு மாட்டுப் பண்ணையில் கௌபாய் வேலை. குதிரையில் ஏறி மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு திரிய வேண்டும். பதினொரு வருடம் செய்தேன். மகன் பால் கொம்பனியில் மனேஜர் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பனிக்காலத்தில் அங்கே பொழுது போகாது. தீவனப் பைகளைக் கிழித்து, அவற்றின் பின்பக்கத்தில் குதிரைகளை வரையத் தொடங்கினேன். ஒருநாள் குதிரையும் நானும் சேர்ந்து சறுக்கி விழுந்தோம். அது எழும்பிவிட்டது. என் இடுப்பெலும்பு எழும்பவில்லை. அக்கா என்னை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டு, வோபர்னில் தன் வீட்டுக் கராஜை நான் படம் வரையும் இடமாகத் தந்தார். அதனால் வெளியே நிற்கும் காரில் அத்தான் இன்றுவரை பனி வழித்துக்கொண்டிருக்கிறார்.

மோர்னிங்சைட்டில் ஒரு மண்டபத்தில் என் முதல் கண்காட்சி நடந்தது. அக்காவின் மட்டன் ரோல்ஸுக்காக நல்ல கூட்டம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணை ஒருவர் மட்டும் படங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, என்னையும் உப்பிடிக் குதிரையில வைச்சுக் கீறித் தருவீரோ? வீட்டு ஹோலில மாட்ட."

"அண்ணை குதிரையில ஏறியிருக்கிறீங்களோ?"

"இல்லை. பஸ் ஓடினனான்தானே. போட்டோ தாறன், கீழ குதிரையை நீர் போடும்."

ஏறாதவரை ஏறியவராக வரைய எனக்கு மனம் வரவில்லை. சேணத்தில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைக் கால்களே சொல்லிவிடும். ஆகவே அடுத்த சனிக்கிழமை நகருக்கு வடக்கே ஒரு குதிரைப் பண்ணைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டுப் போட்டு, டை கட்டி வந்திருந்தார். அங்கிருந்ததிலேயே கிழட்டுக் குதிரையைக் கேட்டு வாங்கி, முக்காலி வைத்து ஏற்றிவிட்டேன்.

"பிரேக் எங்க தம்பி?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் குதிரை ஆப்பிள் மரத்தைக் கண்டுவிட்டது. தாழ்ந்த கிளைக்குக் கீழே நேராக நடந்தது. அண்ணை பயத்தில் கிளையை இரண்டு கையாலும் பிடித்தார். குதிரை நிற்கவில்லை. அவர் தொங்கினார்.

"தம்பி! இறக்கும்! விழப் போறன்!"

அவருடைய சப்பாத்துக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. கண்ணை இறுக மூடியிருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. நான் செய்தது பிழைதான். இறக்கிவிடுவதற்கு முன் பென்சிலை எடுத்து அவசரமாக நாலு கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்து, அவர் கம்பீரமாக இருப்பது போல மூன்று தரம் வரைந்து பார்த்தேன். மூன்றும் பொய்யாகவே வந்தன. கடைசியில் அந்த நாலு கோட்டையே பெரிய படமாக்கினேன். மரத்தில் அண்ணை, ஓரத்தில் ஆப்பிள் தின்னும் குதிரை.

"உந்தப் படத்தைக் காட்டினா அந்தாள் உன்னோட கதைக்காது" என்றார் அக்கா.

அண்ணை மனைவியோடு வந்தார். படத்தை மூடியிருந்த துணியை விலக்கினேன். அவர் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். மனைவியோ சிரிப்பை அடக்க முடியாமல், பெயின்ற் வாளி ஒன்றின் மேல் இருந்துவிட்டார்.

"இதுதான் எனக்கு வேணும்," என்றார் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. "முப்பது வருசத்தில இந்தப் பயந்த முகத்தை நான் மட்டும்தான் பார்த்தனான். இனி எல்லாரும் பார்க்கட்டும்."

அண்ணை தொண்டையைச் செருமினார். "வயிறு கொஞ்சம் கூடிப்போச்சு. மற்றபடி நான்தான்."

படம் இப்போது அவர்கள் ஹோலில் தொங்குகிறது. போன மாதம் தேத்தண்ணிக்குப் போயிருந்தேன். வந்திருந்தவர்களுக்கு அண்ணை விளக்கிக்கொண்டிருந்தார்:

"உது நான் ஓடுற குதிரையில இருந்து மரத்துக்குப் பாயிற கட்டம். தம்பி பக்கத்தில நிண்டவர், கேட்டுப் பாருங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாய் நிறைய வடை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.