மாமாவின் தடி அயன்

சின்னமனூர் ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கிற பேஸ்ட் கருகும் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திராட்சைக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரில் மோட்டார் ஒயர் விட்டுப்போய்க் கொண்டுவந்திருந்தேன். கடைக்காரன் செல்போன் வேலைக்கான ஊசிமுனை சால்டரிங் அயனை அந்தத் தடித்த ஒயர்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். சூடு போதாததால் ஈயம் பிடிக்காமல் கட்டிகட்டியாக உதிர்ந்தது.

சின்ன வயதில் மாமா அம்மாவின் ரேடியோவைத் திறந்த அன்றைக்கும் இதே வாசனைதான். மருந்தடிக்கிற பித்தளை டேங்குகளுக்கு ஓட்டை அடைப்பது அவர் தொழில். அதற்கென்று கரியில் காய்ச்சுகிற, உலக்கை மாதிரி ஒரு அயன் வைத்திருந்தார். அதையேதான் ரேடியோவுக்கும் எடுத்தார்.

"ஏண்டா தம்பி, ரேடியோவுக்குச் சின்ன அயன் வேணும்னு சொல்றாகளே?" என்றாள் அம்மா.

"கை நடுங்குறவனுக்குத்தான்க்கா சின்னது. சூடுன்னா எல்லாம் ஒரே சூடுதான்."

அழுத்தினார். போர்டிலிருந்த செம்புக் கோடுகள் புண்ணின் பொருக்கு மாதிரி உரிந்து வந்தன. மத்தியானப் பாட்டுக்கு அடுக்களையிலிருந்து ஓடிவரும் அம்மாவுக்கு அதன்பின் ஓடிவர ஒன்றும் இல்லாமல் போனது. மாமா வெட்கப்பட்டாரா? "செட்டே மட்டமான சரக்குக்கா" என்று ரேடியோவைத் தள்ளிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார்.

"இந்த ஒயருக்குத் தடிச்ச அயன் வேணும்ப்பா" என்றேன் கடைக்காரனிடம்.

அவன் நிமிரவே இல்லை. "இது ஃபாரின் அயன்ண்ணே. ஒங்க மோட்டாருதான் மட்டமான சரக்கு."

மாமா போய்ச் சேர்ந்து வருசக்கணக்காகிறது. அந்த வாய் மட்டும் இங்கன கடை போட்டு உட்கார்ந்திருக்கிறது.