வால்வில் அரைச் சுற்று

விஜயவாடா ஆட்டோநகரில், கார் ஏசியில் கேஸ் எங்கே கசிகிறது என்று யாருக்கும் பிடிபடாவிட்டால் கடைசியில் வீரபிரம்மத்திடம்தான் வருவார்கள். எதிர்ச்சாரியில் ரப்பர் வளையமும் ஏசிக் குழாயும் விற்கும் என் கடையிலிருந்து இருபது வருடமாக அவர் வேலையைப் பார்த்திருக்கிறேன். சோப்பு நுரை தடவுவார். பச்சைச் சாயம் ஏற்றி நீல விளக்கு அடிப்பார். பானட்டுக்குள் தலையை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலால் தேடுவார்.

பேச்சு குறைவு. வண்டியை உள்ளே வாங்கி அழுத்தமானியை மாட்டுவது, வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பது எல்லாம் கூட்டாளி கோட்டிலிங்கத்தின் பொறுப்பு. இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். உறவு கிடையாது, ஆனாலும் மச்சான் முறை வைத்து ஒருவரையொருவர் "பாவா" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

போன மே மாதம் சாம்ராஜ்யம் டீச்சரின் வேன் வந்தது. அவர் கணவரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிற வண்டி. கேஸ் நிரப்பினால் பத்தே நாளில் வெறும் காற்று. மூன்று முறை கொண்டுவந்தார். மூன்று முறையும் பிரம்மம் நைட்ரஜன் ஏற்றிப் பகல் முழுக்க வைத்துப் பார்த்தார். கசிந்தால் இறங்க வேண்டிய மானியின் முள் அசையவே இல்லை. அதே குறையோடு இன்னும் நான்கு வண்டிகள் திரும்பி வந்தன.

"பிரம்மம், உங்களை நம்பித்தான் வேற எங்கயும் போகல" என்றார் டீச்சர். "நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற வழியில அவரு மயங்கிட்டாரு."

பிரம்மம் கைகூப்பி நின்றார். லிங்கம்தான் பேசினார். "டீச்சரம்மா, பாவாவுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. தப்பு எங்களோடதுதான்."

சொன்னதோடு நிற்காமல், மறுநாளே பிரம்மத்தைப் பைக்கில் உட்காரவைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பிரம்மத்துக்கு மனம் ஆறவில்லை. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு இல்லண்ணா. கை போயிடுச்சு."

ஜூனில் லிங்கம் ஒரு காதுகுத்துக்காகத் தெனாலி போயிருந்தார். அன்று டீச்சர் போன் செய்தார், வேன் மறுபடி குளிரவில்லை என்று. வண்டியைக் கொண்டுவரச் சொல்லாமல் பிரம்மமே ஸ்கூட்டரில் படமட்டாவிலுள்ள அவர் வீட்டுக்குப் போனார். கேஸ் ஏற்றும் வாயின் மூடியைத் திறந்ததும் மெல்லிய சீறல் கேட்டது. சோப்பு வைத்தார். குமிழ் ஊதியது. உள்ளே சைக்கிள் ட்யூபில் இருப்பது போன்ற சின்ன வால்வு, அரைச் சுற்று தளர்ந்திருந்தது. போன முறை அதை இறுக்கியது அவர் கைதான்.

இறுக்கி, கேஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"வண்டி கடைக்கு வந்ததும் அந்த மூடியை முதல்ல திறக்கறது யாருண்ணா?"

திறப்பதும் லிங்கம், கடைசியாக வண்டியைக் கொடுப்பதும் லிங்கம். மானியை மாட்டும்போது இறுக்கிவிட்டால் கடையில் எந்தச் சோதனையிலும் கசிவு அகப்படாது. கொடுக்கும்போது தளர்த்தினால் போதும்.

"சேச்சே, இருக்காது" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

லிங்கம் ஊரிலிருந்து வந்தபின் ஒரு டாக்சி வேலைக்கு வந்தது. பிரம்மம் வால்வை இறுக்கி, மனைவியின் நகச்சாயத்தால் வால்விலிருந்து வாயின் விளிம்புவரை ஒரு கோடு இழுத்து மூடினார். லிங்கம் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"ஐஸ் மாதிரி இருக்கு பாவா."

பிரம்மம் மூடியைத் திறந்தார். கோடு இரண்டாக அறுந்து, பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப்பக்கமும் நின்றது. இருவரும் அசையாமல் நிற்பதைப் பார்த்து நான் சாலையைக் கடந்து போனேன்.

"எத்தனை வண்டிடா?" என்று கேட்டார் பிரம்மம். அவர் லிங்கத்தை "டா" போட்டு நான் கேட்டதில்லை.

லிங்கம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கடைப் பலகையில ரெண்டு பேர் பேரும் இருக்கு. இருபது வருஷத்துல ஒருத்தனாவது லிங்கம் எங்கேன்னு கேட்டிருக்கானா? நான் வந்து நின்னா, 'பிரம்மம் சார் இல்லையா'ங்கறான். குணதலாவுல தனியா கடை பாத்திருக்கேன். உன் பேரு இப்படியே நின்னா அங்க எனக்கு யாரு வருவா?"

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து தேங்கா உடைச்சிருப்பேனே."

"அதுவும் நீதானா?"

பிரம்மம் வால்வை மறுபடி இறுக்கி மூடினார். "டீச்சர் வீட்டுக்காரரு மயங்கினது தெரிஞ்சும் மறுபடி திருகினியா?" என்றார். லிங்கம் பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குறையோடு திரும்பி வந்த ஐந்து வண்டிக்காரர்களிடமும் பிரம்மம் நேரில் போய் நடந்ததைச் சொன்னார். "தப்பு பண்ணாத நீங்க ஏன் எங்கிட்ட கைகூப்பி நின்னீங்க?" என்று டீச்சர் கேட்டாராம்.

"அப்ப நான் பண்ணினதாத்தானம்மா நம்பினேன்" என்றாராம் இவர்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. தசராவுக்கு லிங்கம் குணதலாவில் கடை திறந்தார். பிரம்மத்துக்குப் பார்வை மங்கிவிட்டது என்ற பேச்சு ஊரில் ஏற்கெனவே பரவியிருந்தது. பாதிப்பேர் அங்கே போனார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன்.

"பாவா பாவான்னு கூப்பிட்ட வாயாலயா?" என்றார்.

சங்கராந்திக்கு முன்னால் ஒரு டிரைவர் வந்தார். "குணதலாவுல ரெண்டு தடவை பாத்தாங்க, பிடிபடல. அவங்க அனுப்பினதுன்னு சொல்லவேணாம்னாங்க" என்று, அதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். பிரம்மம் வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார். ஒன்றரை நாள். பின்சீட்டுக்குப் போகும் குழாய், வண்டித் தளத்துக்கு அடியில் அதைத் தாங்கும் பிடிப்பான் உரசிய இடத்தில் குண்டூசி முனை அளவு தேய்ந்திருந்தது. என் கடையில் குழாய் வாங்கி மாற்றினார். வால்வைத் தானே இறுக்கினார். தானே ஓட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் கார் சாவியை வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

"அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?" என்று டிரைவர் கேட்டார்.

"பிடிப்பானுக்கு அடியில பாக்கச் சொல்லு."

வண்டி போனதும் சாப்பிடக் கூப்பிட்டேன். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த காரின் பானட்டைத் திறந்தார்.