மாட்டுப் பொங்கலன்று வந்த மாட்டுத் தலையன்

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளே, சொன்னால் நம்பமாட்டீர்கள். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அறுபதுகளில் எங்கள் டூரிங் டாக்கீஸ் இருந்தது. பிறகு நானும் ஃபேக்டரியில் சேர்ந்து, ஷிப்டு பார்த்து, ரிட்டையர் ஆனவன்தான். ஆனாலும் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால், "கொட்டகையில் மைக் பிடித்தேன்" என்றுதான் வாய் முந்திக்கொள்ளும்.

1. மைக் வேலை

எங்களிடம் இருந்தது ஒரே புரொஜக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்ட வேண்டும். தமிழ்ப் படமென்றால் அந்த இடைவெளியில் முறுக்கு விற்பார்கள். இங்கிலீஷ் படமென்றால் நான் மைக்கைப் பிடித்து, ஓடிய கதைக்கும் ஓடப்போகும் கதைக்கும் தமிழில் விளக்கம் சொல்வேன். அதற்கு முன்னால் எலெக்‌ஷன் ஜீப்பில் கத்திக்கொண்டிருந்தவன் நான். முதல் நாள் நடுக்கத்தில், "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!" என்று ஆரம்பித்துவிட்டேன். மணலில் உட்கார்ந்திருந்த ஜனம் சிரித்த சிரிப்பில் டென்ட்டே ஆடியது. அதோடு பயம் விட்டுப்போனது.

முதலாளி திருநெல்வேலிக்காரர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். வாயைத் திறந்தால் வசவு, மனசு வெல்லம். கொட்டகை நின்ற நிலம் வடக்குப்பட்டு ஏழுமலையுடையது. அவர் சரி என்று சொல்லும்வரைதான் எங்களுக்கு அந்த இடம். அதற்கு முன் இரண்டு ஊரில் டென்ட் அடித்து, கூட்டம் வராமல் பிரித்துக்கொண்டு வந்தவர் அண்ணாச்சி. "இங்கேயும் பிரிக்கணும்னா, துணிய வித்துட்டு ஊருக்குப் போயிர வேண்டியதுதாம்ல" என்பார். அவர் போனால் எங்கள் எல்லாருடைய சோறும் போகும்.

2. அண்ணாச்சியின் யோசனை

மாட்டுப் பொங்கலுக்கு என்ன படம் போடலாம் என்று யோசித்த அண்ணாச்சி ஓர் இங்கிலீஷ் படத்தோடு வந்து இறங்கினார். போஸ்டரில் மாட்டுத் தலையும் மனித உடம்புமாக ஒருவன்.

"எப்படில? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுப் படம்!"

கதை தெரிந்தால்தானே விளக்கம் சொல்ல முடியும்? மாதா கோயில் பள்ளிக்கூடத்து ஃபாதரிடம் போஸ்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் லத்தீன், கிரேக்கமெல்லாம் படித்தவர். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு.

"இது கிரேக்கர்களோட பழைய புராணம்ப்பா. கிரீட்னு ஒரு தீவு. கடல் சாமி அனுப்பின வெள்ளைக் காளையைப் பலி கொடுக்காம, அந்த ராஜா தன் தொழுவத்துலயே வெச்சுக்கிட்டான். அந்தச் சாபத்துல ராணிக்கு மாட்டுத் தலையோட ஒரு பிள்ளை பொறந்துச்சு. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு, உள்ளே போனா வழியே தெரியாத ஒரு மாளிகையைக் கட்டி, பிள்ளையை அதுக்குள்ள அடைச்சுட்டான். அதுக்கு இரையா, போர்ல தோத்த ஏதென்ஸ் ஊர் பிள்ளைங்களை அனுப்பினாங்க. கடைசியில தீசியஸ்னு ஓர் இளவரசன், திரும்பி வர வழி தெரியணும்னு நூலைக் கட்டிக்கிட்டு உள்ளே போய் அதைக் கொல்றான்."

பிறகு ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை விரித்தார். அந்தத் தீவு அரண்மனைச் சுவரில் இருந்த பழைய ஓவியமாம். பாய்ந்து வரும் காளையின் முதுகில் ஒரு பையன் குட்டிக்கரணம் போடுகிறான். முன்னால் ஒருத்தி கொம்பைப் பிடித்திருக்கிறாள். அந்தக் காளையின் வேகம் கண்ணை விட்டுப் போகவில்லை. நம்ம ஊர் ஆள் வரைந்தது என்றாலும் நம்பியிருப்பேன்.

நான் அண்ணாச்சியிடம் வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சீ! நாளும் கிழமையுமா ராணிக்கு மாடு பொறந்துச்சுன்னா சொல்லுவ? பொம்பளையாள் வார இடம்ல. ராட்சசன்னு சொல்லு, போதும்."

சரி என்று நானும் ராட்சசன் ஆக்கிவிட்டேன்.

3. மணல் பறந்த காட்சி

மாட்டுப் பொங்கலன்று பொழுது சாய்ந்ததும் வண்டி வண்டியாகக் கூட்டம். கொட்டகைக்கு வெளியே அவிழ்த்துக் கட்டிய மாடுகளுக்கெல்லாம் கொம்பில் புது வர்ணம், கழுத்தில் மாலை. ஏழுமலை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐப்பசி மழையில் அவருடைய செவலைக் காளை நோய் கண்டு செத்திருந்தது. அதிலிருந்து மனிதர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

இளவரசன் கப்பலேறினான், நூல் கண்டு வாங்கினான், எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இருட்டு மாளிகைக்குள்ளிருந்து மாட்டுத் தலையன் வெளியே வந்தான். தலை அட்டையில் செய்தது, கழுத்துத் தையல்கூடத் தெரிந்தது. ஆனால் கண்ணை மட்டும் எவனோ பாவி நிஜ மாட்டுக் கண்ணாகவே செய்து வைத்திருந்தான்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "அய்யே, வாயில்லா ஜீவனை இருட்டுல பூட்டி வெச்சிகிறானுங்களே!"

இளவரசன் கத்தியை ஓங்கினான். அவ்வளவுதான், ஏழுமலை எழுந்துவிட்டார்.

"நிறுத்துடா படத்தை! மாட்டுப் பொங்கலும் அதுவுமா எங்க எதிர்லயே மாட்டை வெட்டறியா? இன்னா கொழுப்பு உங்களுக்கு!"

திரையில் மணல் வந்து விழுந்தது. ஆபரேட்டர் பயந்துபோய்ப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டான். ஏழுமலை அண்ணாச்சியைப் பார்த்துக் கைநீட்டினார்.

"காத்தால கொட்டாயைப் பிரிச்சிக்கினு போய்க்கினே இரு. என் நெலத்துல இது கூடாது."

அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். "ஏதாச்சும் சொல்லுல" என்றார். நான் மைக்கைப் போட்டேன்.

"ஏழுமலைண்ணா, ஒரே நிமிஷம். அது ராட்சசன் இல்ல. ஒரு ராணி வயித்துல பொறந்த புள்ள. மாட்டுத் தலையோட பொறந்துடுச்சின்னு பெத்தவங்களே வெக்கப்பட்டுக்கினு பூட்டி வெச்சுட்டாங்க. வெளிச்சமே காட்டல. தின்றதுக்கு ஒரு பிடி வைக்கோல் போடல, மனுசனைப் போட்டாங்க. பசியில அது தின்னுச்சு. அது மேல இன்னாண்ணா தப்பு?"

கொட்டகை அடங்கியது. ஏழுமலை நின்றபடியே கேட்டார்.

"அதுக்குப் பேரு இன்னாப்பா?"

நல்லவேளை, புத்தகத்தைக் காட்டும்போது ஃபாதர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "அஸ்தேரியோன்னு பேருண்ணா. அவங்க பாஷையில நட்சத்திரம்னு அர்த்தமாம்."

"நட்சத்திரம்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தலை முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "சரி, ஓட்டு" என்றார்.

படம் ஓடியது. மாட்டுத் தலையன் விழுந்தபோது ஒரு விசில் இல்லை, பெண்கள் மூக்குறிஞ்சும் சத்தம்தான். அட்டைத் தலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

கடைசி ரீலுக்கு முன் மறுபடி மைக். உயிரோடு வந்தால் கப்பலில் வெள்ளைப் பாய் ஏற்றி வா என்று இளவரசனிடம் அவன் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். பையன் மறந்துபோய், புறப்பட்ட அதே கறுப்புப் பாயோடு வருகிறான், அப்பா மகன் செத்தான் என்று கடலில் குதிக்கிறார். இதைச் சொல்லும்போதே வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டேன். வெற்றிபெற்ற கதாநாயகனுக்கு அழுகை முடிவு வைத்தால் நம் ஜனம் சும்மா விடுமா?

திரையில் கிழவர் கடலில் குதித்தார். கொட்டகை முழுக்கக் கைதட்டல்!

"நல்லா வேணும்! மாட்டைக் கொன்ன பாவம் வுடுமா?"

"அவன் எங்க மறந்தான்? அதுதான் மறக்க வெச்சிகீது!"

ஃபாதரிடம் பிறகு சொன்னேன். கிரேக்கர்கள் யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

4. மறுநாள் காலை

எந்த வேலைக்குப் போனாலும், யாரையாவது ராட்சசன் என்று உங்களிடம் சொன்னால் முதலில் பேர் என்ன என்று கேளுங்கள். ஃபேக்டரியில், "அவன் ஒரு மாதிரி ஆளு" என்று சூப்பர்வைசர் சொன்ன எத்தனையோ பேரிடம் அப்படிப் பேர் கேட்டுத்தான் எனக்குச் சினேகம் கிடைத்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர் ஏழுமலைதான்.

மறுநாள் காலையில் அவர் கொட்டகைக்கு வந்தார். பிரிக்கச் சொல்லத்தான் வருகிறார் என்று அண்ணாச்சி டென்ட் கயிற்றருகே போய் நின்றுகொண்டார். ஏழுமலை எங்களைப் பார்க்கவே இல்லை. நேராகத் திரை வரைக்கும் நடந்தார். கக்கத்திலிருந்த ஒரு பிடி வைக்கோலை எடுத்துத் திரைக்கு அடியில் மணலில் வைத்தார்.

"செவலைக்கு வெச்சிருந்தது" என்றார். போகும்போது அண்ணாச்சியிடம், "இன்னிக்கும் அந்தப் படம்தானே? வூட்ல வராங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் துடைப்பத்தை எடுத்துக் கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்தேன். திரையருகே போனதும் அண்ணாச்சி பின்னாலிருந்து அதட்டினார்.

"ஏல, அதத் தொடாத. பிள்ள திங்கட்டும்."