துரை சாப்பிடவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டில் கல்பனா உட்கார்ந்திருந்தாள். காக்கி யூனிஃபார்ம், மடியில் டிபன் டப்பா. வேலைக்குக் கிளம்பியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டியா?" என்றேன்.

"துரை செத்துட்டான் அங்கிள்."

துரை யாரென்று சொல்ல வேண்டும். அதற்கு முன் கல்பனா யாரென்றும் சொல்ல வேண்டும்.

மந்தைவெளியில் எங்கள் மேல் வீட்டுப் பெண். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். மேனேஜராக இருந்தாள். யாரையாவது வேலையை விட்டு அனுப்பினால், எதிரே உட்கார்ந்து 'ஸாரி' சொல்வது இவள் பொறுப்பு. ஒரு நாள் தானே ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றாள். புறநகரில் ஒரு விலங்குகள் மீட்பு மையம்... அங்கே கீப்பர் வேலை!

அவள் அப்பா சண்முகம் என் வாக்கிங் நண்பர். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். கொதித்துப் போனார். "எம்.பி.ஏ. படிச்சது கூண்டு கழுவவா?" அதோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார். ஃபேனை நிறுத்தச் சொல்வதென்றால்கூட மனைவி வழியாகத்தான்.

துரை ஒரு கிழக் குரங்கு. ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் வருஷக்கணக்காகச் சங்கிலியில் கிடந்ததாம். மீட்டு வந்தபோது இடுப்பைச் சுற்றி முடியே இல்லை — சங்கிலித் தழும்புதான். மற்ற குரங்குகளைக் கண்டால் பயம். யார் தட்டு வைத்தாலும் மூலைக்குப் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும். கல்பனா தினமும் கூண்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். பல வாரம் கழித்து ஒரு நாள், கம்பி வழியே கையை நீட்டி வேர்க்கடலையை வாங்கிக்கொண்டது.

அன்று மாலை பாதுஷாவோடு எங்கள் வீட்டு காலிங் பெல்லை அடித்தாள். ப்ரமோஷன் வந்தபோதுகூட எங்களுக்கு ஸ்வீட் வந்ததில்லை!

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் கல்பனாவுக்குச் சளி, காய்ச்சல். நம் சளி குரங்குக்குத் தொற்றினால் ஆபத்து. அதனால் உடம்பு சரியில்லாத கீப்பர் கூண்டுப் பக்கமே வரக்கூடாது என்று அங்கே கண்டிப்பான விதி. வீட்டிலேயே கிடந்தாள். கூட வேலை செய்யும் செல்விக்கு ஓயாமல் போன் — "சாப்டானா?"

"இல்லக்கா. தட்டு அப்டியே கீது. வாசலையே பாத்துக்கினு கீறான்."

மையத்து டாக்டர் துரைக்கு ஊசி போட்டார், ட்ரிப்ஸ் ஏற்றினார். வயசாகிவிட்டது, இதயமும் பலவீனம் என்றார். காய்ச்சல் விட்டு, செவ்வாய்க்கிழமைதான் கல்பனா மறுபடி கிளம்பினாள். படி இறங்கும்போதே செல்வியின் போன் வந்துவிட்டது.

"அக்கா... துரை பூட்டான்க்கா."

கல்பனா என்னைப் பார்த்தாள். "நான் போயிருக்கணுமா அங்கிள்? என் சளி ஒட்டிக்கும்னு பயந்துதான் போகல. அவனுக்கு அதெல்லாம் தெரியாதே... நானும் விட்டுட்டுப் போயிட்டேன்னுதானே நினைச்சிருப்பான்?"

வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்கள் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவன் நான். அன்பு என்றால் பக்கத்தில் இருப்பது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் போகாமல் இருந்ததும் அன்புதான் என்று ஒரு குரங்குக்கு யார் புரியவைப்பது?

மேலே கதவு திறந்தது. சண்முகம் இறங்கி வந்தார். எவ்வளவு கேட்டாரோ, தெரியாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மகள் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். அவள் மடியிலிருந்த டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் பசியோட இருக்கும்மா" என்றார். "எழுந்திரு. நான் கொண்டுபோய் விடறேன்."

ஸ்கூட்டரில் இருவரும் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தவரிடம் கேட்டேன்: "பேசினீங்களா?"

"எங்க சார்... வழி பூரா அவ என் முதுகுல சாஞ்சு அழுதா. நான் வண்டி ஓட்டினேன்."

சில நாளைக்கு அது போதும்.