கண்டக்டரின் பல்செட்டைக் காணோம்

தெருவில் அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். மெழுகை உருக்கி, அச்சில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, கம்பியைக் குறடால் வளைத்துக் கொக்கி போடுவாள். அந்த மேஜைக்கு அடியில், அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்தபடி ஒரு பழுப்பு நாய் படுத்திருக்கும். பெயர் செக்கர்.

பெயர் வைத்தவர் அவள் மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லாரி ஓட்டும் மகன் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து அந்தக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தபோது, அது முதல் வேலையாக வீட்டில் இருந்த எல்லாரையும் காலிலிருந்து பை வரை மோந்து பார்த்தது. "டிக்கெட் செக்கர் மாதிரி சோதனை போடுது பாரு" என்றார். வேலையில் இருந்த காலம் முழுக்க அவருக்கு ஆகாத ஒரே இனம் அதுதான். அவர் திட்டாகச் சொன்னதை நாய் பட்டமாக எடுத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

அன்றிலிருந்து இருவருக்கும் சோபாவில்தான் சண்டை. அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், திரும்பி வருவதற்குள் செக்கர் அந்த இடத்தில் சுருண்டிருக்கும். "எந்திரிடா, அது ரிசர்வேஷன் சீட்டு" என்பார். நாய் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். பேப்பர் விரித்தால் அவர் படிக்கும் பக்கத்தின் மேலேயே படுக்கும். "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்" என்று மருமகளிடம் முறையிடுவார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா" என்று அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பியை வளைப்பாள்.

கணவன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம், கூடத்திலிருந்து அலறல் கேட்டது.

"ஏம்மா! என் பல்லு!"

அடுக்களையிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கியவர், தொண்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேல்வரிசையில் முன்பல் நான்கும் இல்லை. பீங்கான் பல்தான் வேண்டும் என்று கேட்டு, அவள் கையாலேயே செய்து போட்டுக்கொண்ட செட்.

"படுக்கும்போது கழட்டி வச்சீங்களா?"

"ஞாபகம் இல்லையே! முழுங்கிட்டேம்மா. இதோ, இங்க குத்துது."

அந்த செட்டின் இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. அது எவ்வளவு கூர் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

"மூச்சு விட முடியுதா மாமா?"

"முடியுது. ஆனா குத்துது."

தலையணையை உதறினாள், விரிப்பை உதறினாள். போனை எடுத்து ஆம்புலன்சுக்கு அழைக்கப் போனபோதுதான் உறைத்தது. இவ்வளவு கூச்சலுக்கும் செக்கர் வரவில்லை. ஒரு தும்மல் கேட்டால்கூட முதல் ஆளாக வந்து நிற்பவன். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினாள். சத்தமே இல்லை.

பின்னறை மேஜைக்கு அடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தான். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. வெறும் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தான். உதட்டோரம், பல்செட்டின் ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு சிறு துணுக்கு ஒட்டியிருந்தது.

"மாமா, நீங்க இல்ல. இவன்."

அவர் தொண்டையிலிருந்து கையை எடுத்தார். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு குனிந்து நாயைப் பார்த்தார். விறுவிறுவென்று போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆட்டோவில் செக்கரை இருவர் மடியிலுமாகக் கிடத்தினார்கள். பல் இல்லாமல் வாசல்படி தாண்டாதவர், வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். வழியில் நாய் உடம்பை எக்கி எக்கி ஓங்கரித்தது.

"வாந்தியா எடுத்துட்டா நல்லதுதானே?"

"வேணாம் மாமா, கொக்கி தொண்டையைக் கிழிச்சிடும்."

சிக்னலில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அவர் பொத்திய கையை எடுத்துவிட்டு, வெளியே தலையை நீட்டி, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை எட்டிய பழைய குரலில் கத்தினார்: "உயிர் போகுது, வழி விடுங்கய்யா!" முன்னால் பைக்கில் நின்றவர் பதறி ஒதுங்கினார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கண்டக்டருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அவன் வயித்துல இல்லைன்னா எனக்கும் ஒரு படம் எடுத்துடுங்க."

"இங்க நாலு காலுக்கு மட்டும்தான் ஐயா."

திரையில் சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள் தெரிந்தன. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று நான்கு பற்கள், வரிசை கலையாமல். செக்கர் வயிற்றுக்குள்ளிருந்து கண்டக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். உதவியாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"கொக்கி ஒண்ணு நிமிர்ந்து நிக்குது. குடலுக்குள்ள இறங்கிட்டா சிக்கல். இப்பவே வயித்தைத் திறந்து எடுக்கணும். வயசு என்ன?"

"ஏழு நடக்குது" என்று கண்டக்டர் முந்திக்கொண்டார். மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவு மூடியது. பெஞ்சில் அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கியை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கியிருக்கலாமோ? எதிரே கூண்டுக்குள் ஒரு கிளி கத்திக்கொண்டே இருந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சோபா கையில கழட்டி வச்சேம்மா. இப்பத்தான் ஞாபகம் வருது. மீன் வாசனை இருந்திருக்கும்."

அவளுக்குக் கோபம் மூக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

போன் அடித்தது. கணவன். பதற்றத்தில் அவள் அனுப்பியிருந்த செய்தி இவ்வளவுதான்: 'மாமா பல் வயிற்றில். ஆபரேஷன்.' அவன் எங்கோ சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருந்தான். மாமனார் போனை வாங்கினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. செக்கர் முழுங்கிட்டான். அவனுக்குத்தான் ஆபரேஷன்."

அந்தப் பக்கம் அழுகை இரண்டு மடங்கானது.

"டேய், எனக்குன்னதும் நீ இவ்வளவு அழலையேடா!"

அவள் அழுதுகொண்டிருந்தாள், அழுகையோடு சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது. டாக்டரம்மா கையில் ஒரு எஃகுத் தட்டு.

"தப்பிச்சான். வயித்துல ஒரு கீறல் இருந்துச்சு, தச்சாச்சு. மயக்கம் தெளியட்டும்." தட்டை நீட்டினார். "இது வேணுமா?"

கண்டக்டர் தன் பற்களை உற்றுப் பார்த்தார். "சுடுதண்ணில கழுவினா..."

"மாமா!" என்றாள் மருமகள்.

புது செட் தயாராகும்வரை அவரால் எதையும் கடிக்க முடியாது. தையல் ஆறும்வரை செக்கருக்கும் குழைந்த சோறுதான். அவள் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, இரண்டு தட்டில் போட்டாள். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய செக்கர், நிலைப்படியில் இரண்டு தடவை முட்டிக்கொண்டு வந்து தன் பங்கை நக்கி முடித்தான். பிறகு கூம்போடு நிமிர்ந்து கண்டக்டரின் தட்டுக்குள் பார்த்தான்.

"இது என்னோடதுடா, போடா" என்றார் அவர். சொல்லிவிட்டு, சோபாவில் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்.