வரைபடத்தில் எழுதிய மாங்காய்

இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், நான் எழுதியது பிழையில்லை.

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஓர் உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி, ஆங்கிலச் சொற்கள் பிறந்த நாடுகளுக்கெல்லாம் சிவப்பு நூல் இழுத்துக் கட்டினார். ‘மேங்கோ’வின் நூல் போர்த்துக்கல்லில் போய் நின்றது. நான் கையை உயர்த்தி, அது எங்கள் மாங்காய் என்றேன். பழுத்த பிறகும் வெள்ளைக்காரர் அதைக் காய் என்றே சொல்லித் திரிகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆசிரியை புத்தகத்தைப் பார்த்துவிட்டு, போர்த்துக்கீசர் கொடுத்த சொல்தான் என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா அதே பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். சேர்ந்து இரண்டு மாதம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்று சோற்றைப் பிசைந்தபடி என் வழக்கைக் கேட்டுச் சிரித்தார்.

“நானும் பிராங்பேர்ட்டில மூண்டு வருசம் நிண்டுதானே கனடாவுக்கு வந்தனான். அப்ப நான் ஜேர்மன்காரனோ?”

“பிள்ளையை உசுப்பேத்தாதேங்கோ” என்றார் அம்மா. ஆனால் ஏற்றியாகிவிட்டது.

சனிக்கிழமைகளில் எங்கள் வகுப்பறையில்தான் தமிழ் வகுப்பு நடக்கும். அப்பாதான் கதவைத் திறந்துவிடுவார். சுவரில் இருக்கும் எதையும் தொடக்கூடாது என்பது இரவல் அறையின் முதல் விதி. எல்லோரும் இடைவேளைக்குப் போனதும் நான் கதிரையில் ஏறி, போர்த்துக்கல்லில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி யாழ்ப்பாணம் இருக்கும் இடத்தில் குத்தினேன். அதுவும் போதாமல், அழியாத கறுப்பு மார்க்கரால் இந்து சமுத்திரம் முழுக்க ‘மாங்காய்’ என்று எழுதினேன்.

திங்கட்கிழமை அதிபரே வகுப்புக்கு வந்தார். தமிழில் இருந்ததால் கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க அவர்களால் முடியவில்லை. அறையைத் திறந்தவர் என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். நான் ஒளிப்பதாக இல்லை. சொல்லவேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு எழுந்து நின்றேன்.

வாளியோடு வந்த அப்பா வரைபடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதியது தான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் வாய் திறக்க முன்னரே என் பக்கம் திரும்பி, “நீ இரு பிள்ளை” என்றார்.

அதிபர் அழிக்கச் சொன்னார். பிழை என்றால் அழிக்கிறேன், பிழையா என்று அப்பா கேட்டார். ஆசிரியை புத்தகத்தைத் திறக்கவில்லை. அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வரைபடம் வருட முடிவு வரைக்கும் அப்படியே சுவரில் இருந்தது.

அப்பாதான் இருக்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து அவர் விடியமுன் இரண்டு பஸ் மாறி மிசிசாகாவுக்கு, பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனார். அது இன்னும் நல்ல வேலை என்று வீட்டில் சொன்னார். நான் நம்பினேன். நம்பியும், ஒரு மாதம் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அவர் முதுகில் அம்மா வலி எண்ணெய் பூசும்போது மறுபக்கம் திரும்பி இருந்தேன்.

நான் எழுதியதைத் தான் எழுதியதாக எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாரே என்பதுதான் என் கோபம்.